லிங்கரிடம் கேட்கக் கூடாத கேள்வி

சி++ மொழியில் ஒரு சின்ன நிரல். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் த்ரெட் வகுப்பைக் கொண்டு ஓர் இழையைத் தொடங்குகிறது, அது முடியும்வரை காத்திருக்கிறது, வெளியேறுகிறது, அவ்வளவுதான். 2012 வாக்கில், ஜிசிசி 4 வரிசைக் கம்பைலர் இருந்த லினக்ஸ் கணினியில் எந்தச் சுவிட்சும் சேர்க்காமல் இதைக் கம்பைல் செய்தால் கம்பைலர் வாய் திறக்காது, லிங்கரும் குறை சொல்லாது. கோப்பு தயார். ஓட்டிய கையோடு விழுந்துவிடும். விழும்போது அது விட்டுச்செல்லும் செய்தியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘த்ரெட்டைப் பயன்படுத்த மல்டித்ரெடிங்கை இயக்கவும், இச்செயலுக்கு அனுமதி இல்லை.’ அனுமதி என்ற சொல்லைப் பார்த்தால் ரூட் உரிமையோடு ஓட்டிப் பார்க்கத்தான் தோன்றும். ஆனால் கோளாறு உரிமையில் இல்லை. கட்டளை வரியில் ‘-பித்ரெட்’ என்று ஒரு சொல் விட்டுப்போனதுதான் காரணம்.

கைப்பேசியிலேயே எட்டு கோர் இருக்கும் இந்நாளில் ‘என் நிரல் பல இழைகளில் ஓடும்’ என்று லிங்கருக்கு ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? ‘இது பல இழை நிரலா’ என்ற கேள்வியை லிங்கரிடம் கொண்டுபோய் வைத்தவர்களுக்கு அன்று நல்ல காரணம் இருந்தது. பிறகு ஒவ்வொரு இயங்குதளமாக அதைத் திரும்பப் பெற்றது. சில இடங்களில் மட்டும் அது இன்னும் நிற்கிறது, அவற்றில் சிலவற்றில் நியாயமாகவே நிற்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நிரல் பல இழை நிரலா இல்லையா என்பது லிங்க் செய்யும் நேரத்தில் விடை தெரியக்கூடிய கேள்வியே அல்ல.

ஒற்றைப் பிராசசர் காலத்துக் கணக்கு

சி லைப்ரரி உருவான காலத்தில் ஒரு நிரலுக்குள் ஒரே ஓட்டம்தான். பிழை எண்ணைத் தாங்கும் எர்ர்னோ சாதாரண முழு எண் மாறி. சரத்தைத் துண்டு போடும் ஸ்டிர்டாக், எங்கே நிறுத்தினோம் என்பதைத் தனக்குள் ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்துக்கொண்டது. கோப்பிலிருந்து ஓர் எழுத்தை எடுக்கும் கெட்சி வெறும் மேக்ரோ. பஃபரில் கைவிட்டு ஒரு பைட்டை எடுத்துக்கொள்ளும்.

ஒரே நிரலுக்குள் பல இழைகள் என்று வந்ததும் இவை அத்தனையும் சிக்கலாயின. ஓர் இழையில் கோப்பு திறக்க முடியாமல் எர்ர்னோவில் ஓர் எண் எழுதப்படுகிறது. அதை அந்த இழை படிப்பதற்குள் வேறோர் இழை மேலே எழுதிவிடுகிறது. முதலாவது இழை தன்னுடையதல்லாத பிழைக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கும். 1995-இல் வந்த போசிக்ஸ் 1003.1சி இழைகளுக்கான விதிகளை வகுத்தபோது எர்ர்னோ ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி என்று ஆக்கியது. ஸ்டிர்டாக் போன்றவற்றுக்குப் பெயரில் ‘ஆர்’ எழுத்து ஒட்டிய மாற்று வடிவங்களையும் கொடுத்தது. கோப்பு பஃபர்களுக்குப் பூட்டு கட்டாயமாயிற்று.

பூட்டுக்குச் செலவு உண்டு. அன்றைய கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே பிராசசர், பெரும்பாலான நிரல்களில் ஒரே இழை. ஒவ்வோர் எழுத்துக்கும் பூட்டி எடுத்துத் திறக்கும் வேலையை அவற்றின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? இழை வேண்டாதவர் அதற்கு விலை கொடுக்க வேண்டாம் என்பதே அன்றைய நியாயம். ஆகவே லைப்ரரியை இரண்டாக்கினார்கள்: இழையில்லாதவர்களுக்கு ஒன்று, இழை வேண்டுவோருக்கு ஒன்று. எது வேண்டும் என்பதைக் கம்பைல், லிங்க் கட்டளைகளில் சொல்ல வேண்டும்.

சோலாரிஸில் சன் கம்பைலருக்கு ‘-எம்டி’. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் சுவிட்ச் கூட இல்லை. கம்பைலரையே வேறு பெயரால், எக்ஸ்எல்சி என்பதன் பின்னால் ஓர் ‘ஆர்’ சேர்த்து அழைக்க வேண்டும். சோலாரிஸ் முறையில் ஒரு கண்ணி இருந்தது. ‘-எம்டி’ கொடுத்தால் ‘ரீஎன்ட்ரன்ட்’ என்ற மேக்ரோ உயிர்பெறும். அது இருந்தால்தான் ஹெடர் கோப்பில் எர்ர்னோ என்பது இழைக்கான தனி முகவரியைக் கேட்டு வாங்கும் செயற்கூறாக விரியும். இல்லாவிட்டால் பழைய பொது மாறி. பத்து ஆப்ஜெக்ட் கோப்புகளில் ஒன்பதைச் சுவிட்சோடும் ஒன்றைச் சுவிட்ச் இல்லாமலும் கம்பைல் செய்து ஒன்றாக லிங்க் செய்தால் லிங்கருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த ஒரு கோப்பு மட்டும் தவறான எர்ர்னோவைப் படித்துக்கொண்டிருக்கும். பல மாதம் கழித்து ஒரு நாள், ஒரு வாடிக்கையாளர் கணினியில் மட்டும் வெளிப்படும் வகைப் பிழை இது.

மைக்ரோசாஃப்ட் இதில் சற்றுக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. விஷுவல் சி++ கம்பைலரில் ‘/எம்எல்’ கொடுத்தால் ஒற்றை இழை லைப்ரரி, ‘/எம்டி’ கொடுத்தால் பல இழை லைப்ரரி. எது தேவை என்பதைக் கம்பைலர் ஆப்ஜெக்ட் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்துவிடும். லிங்கர் அதைப் படித்துத் தானாகவே சரியான லைப்ரரியைக் கொண்டுவரும். முரண்பட்ட கோப்புகள் வந்து சேர்ந்தால் எல்என்கே4098 என்ற எச்சரிக்கை வரும். விண்டோஸில் நிரல் எழுதியவர்கள் இந்த எண்ணை எளிதில் மறக்க மாட்டார்கள். எச்சரிக்கைதானே என்று தள்ளிவிட்டால், ஒரே நிரலுக்குள் இரண்டு சி லைப்ரரிகள் குடியேறி, ஒன்றின் ஹீப்பிலிருந்து வாங்கிய நினைவகத்தை இன்னொன்றிடம் திருப்பிக் கொடுக்கப் போய் நிரல் சரியும்.

லினக்ஸின் பலவீனக் குறியீடுகள்

இந்த வரலாற்றின் மிகச் சிக்கலான பகுதி லினக்ஸில்தான் நடந்தது. முதல் பரவலான இழை லைப்ரரியான லினக்ஸ்த்ரெட்ஸை சேவியர் லெராய் 1996-இல் வெளியிட்டார். கெர்னலில் இழை என்றே ஒன்று இல்லாத காலம் அது. க்ளோன் என்ற சிஸ்டம் காலைக் கொண்டு, நினைவகத்தைப் பகிரும் பிராசஸ்களையே இழைகளாகக் காட்டினார். ஒவ்வோர் இழைக்கும் வேறு பிராசஸ் எண் வந்தது. 2003-இல் ரெட்ஹாட் லினக்ஸ் 9-இல் உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்நாரும் உருவாக்கிய என்பிடிஎல் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டிலும் மாறாத ஒன்று, இழைகள் லிப்பித்ரெட் என்ற தனிக் கோப்பில் இருந்ததுதான்.

சி++ லைப்ரரிக்கு இது தர்மசங்கடம். ஒரே லைப்ரரிதான் எல்லா நிரலுக்கும். சில நிரல்கள் லிப்பித்ரெட்டோடு வரும், சில வராது. லைப்ரரி தானே லிப்பித்ரெட்டைக் கட்டி இழுத்தால் ஒற்றை இழை நிரல்களும் பூட்டுச் செலவைச் சுமக்கும். இதற்கு ஜிசிசி கண்ட வழி பலவீனக் குறியீடு. சாதாரணமாக ஒரு செயற்கூறைப் பெயர் சொல்லி அழைத்து, அது எங்கும் கிடைக்காவிட்டால் லிங்கர் பிழை சொல்லும். பலவீனமாக அழைத்தால் கிடைக்காதபோது அதன் முகவரியைப் பூஜ்ஜியம் என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடும். சி++ லைப்ரரி ஒரு குறிப்பிட்ட பித்ரெட் செயற்கூறின் முகவரியைப் பார்க்கும். பூஜ்ஜியமாக இல்லையென்றால் இது பல இழை நிரல்: பூட்டு போடு, பகிர்ந்த பாயின்டரின் எண்ணிக்கையை அட்டாமிக் முறையில் கூட்டு. பூஜ்ஜியமென்றால் ஒற்றை இழை: பூட்டைத் தாண்டிப் போ, சாதாரணமாகக் கூட்டு.

எக்ஸ்86 பிராசசரில் அட்டாமிக் கூட்டல் என்பது அதே கூட்டல் கட்டளைக்கு முன்னால் லாக் என்ற ஒரு பைட் முன்னொட்டு. ஒரு பைட்தான், ஆனால் அதன் நேரச் செலவு பல மடங்கு. பகிர்ந்த பாயின்டர்கள் நிறைந்த நிரலில் இந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே இதைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் ‘லிப்பித்ரெட் லிங்க் ஆகியிருக்கிறது’ என்பதையும் ‘நிரல் பல இழைகளில் ஓடுகிறது’ என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். தவறு தொடங்கியது அங்கே.

முதலில் கண்ட சின்ன நிரல் விழுந்ததும் இதனால்தான். சி++ லைப்ரரி முகவரியைப் பார்த்தது, பூஜ்ஜியம், ‘மல்டித்ரெடிங் இயக்கப்படவில்லை’ என்று கைவிரித்தது. பிந்திய ஜிசிசி பதிப்புகளில் ஹெடர் கோப்பிலேயே வலுவான ஓர் அழைப்பைச் சேர்த்து, சுவிட்ச் விட்டுப்போனால் லிங்க் செய்யும்போதே பிழை வரும்படி செய்தார்கள். இடையில் உபுண்டு 11.10 முதல், உண்மையில் தேவைப்படாத லைப்ரரிகளை லிங்கர் தானாகவே உதறும் ‘ஆஸ் நீடட்’ முறையை இயல்பாக்கியது. லிங்கருக்குப் பலவீன அழைப்பு தேவையாகத் தெரியாது. எனவே ‘-எல்பித்ரெட்’ என்று முறைப்படி எழுதியவர்களின் நிரலும் விழுந்தது. லைப்ரரியின் பெயரை ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் எழுதியவர்களுக்கும் அதே கதி. லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும், அந்தப் புள்ளியில் யாரும் கேட்காத லைப்ரரியை விட்டுவிடும்.

ஸ்டாட்டிக் லிங்க் இன்னும் மோசம். ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது பல ஆப்ஜெக்ட் கோப்புகளின் கட்டு. யாராவது வலுவாகக் கேட்ட கோப்பை மட்டும் லிங்கர் உருவி எடுக்கும். பலவீனமாகக் கேட்டதற்காக எதையும் எடுக்காது. விளைவாக இழையைத் தொடங்கும் செயற்கூறு உள்ளே வந்திருக்கும், காத்திருப்புக்கான செயற்கூறு வந்திருக்காது. முகவரி சோதனை ‘இழை உண்டு’ என்று சொல்லும். அதை நம்பி அடுத்த செயற்கூறை அழைத்தால் பூஜ்ஜிய முகவரிக்குத் தாவி நிரல் செத்துவிடும். பாதி லைப்ரரி உள்ளே, பாதி வெளியே. இதற்கு மருந்தாக ‘ஹோல் ஆர்க்கைவ்’ சுவிட்ச் போட்டு லிப்பித்ரெட்டை முழுதாக உள்ளே தள்ளும் வழக்கம் வந்தது. கட்டுக்குள் இருப்பதில் வேண்டியதை மட்டும் எடுப்பதுதான் ஸ்டாட்டிக் லைப்ரரியின் பயனே; அதையே அணைத்துவிடுவது மருந்தா என்று கேட்டால் வேறு வழி இருக்கவில்லை என்பதே பதில்.

இவற்றையெல்லாம் கவனமாக எழுதித் தவிர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிளகின் ஒன்றே பதில். ஒற்றை இழை நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பாதி வழியில் டிஎல்ஓப்பன் வழியாக ஒரு பிளகினை ஏற்றுகிறது. அந்தப் பிளகின் லிப்பித்ரெட்டைக் கூட்டி வந்து இழைகளைத் தொடங்குகிறது. முதன்மை நிரலை லிங்க் செய்தவர் பொய் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பைத்தான் போன்ற மொழிகளின் இன்டர்பிரட்டர் முழுக்க முழுக்க இந்த வகைதான்: பயனர் எந்த மாட்யூலை இறக்குமதி செய்வார் என்று அதை லிங்க் செய்தவரால் எப்படிச் சொல்ல முடியும்?

ஓட்டும்போது மாற்றிய காலம்

எந்த இழை லைப்ரரி என்பதை லிங்கரிடமிருந்து பிடுங்கி நிரல் ஏறும் நேரத்துக்குத் தள்ளிய ஓர் இடைக்காலமும் உண்டு. காரணம் மல்டிபிராசசர்தான். ஃப்ரீபிஎஸ்டியின் பழைய லிப்சி-ஆர் இழைகளை முழுக்கப் பயனர் பகுதியிலேயே மாற்றி மாற்றி ஓட்டியது. கெர்னலுக்கு அது ஒரே பிராசஸ். ஆகவே கணினியில் எத்தனை பிராசசர் இருந்தாலும் அந்த நிரலுக்கு ஒன்றுதான். புதிய லைப்ரரிகள் வந்ததும் லிப்மேப் என்ற உள்ளமைவுக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், பழைய லைப்ரரியைக் கேட்கும் நிரலுக்குப் புதியது கிடைக்கும். மறுபடி லிங்க் செய்ய வேண்டாம். சோலாரிஸ் 8, பல இழைகளைச் சில கெர்னல் இழைகளின் மேல் பரப்பும் பழைய லைப்ரரியோடு, ஒன்றுக்கு ஒன்று என ஓட்டும் மாற்று லைப்ரரியையும் வேறு அடைவில் வைத்துக் கொடுத்தது. சோலாரிஸ் 9 அதையே இயல்பாக்கியது. ஃப்ரீபிஎஸ்டியும் 2008-இல் வந்த 7.0 பதிப்பில் ஒன்றுக்கு ஒன்று முறைக்கே மாறியது. லினக்ஸில் எல்டி அஸ்யூம் கெர்னல் என்ற சூழல் மாறியைக் கொண்டு பழைய லினக்ஸ்த்ரெட்ஸுக்குத் திரும்ப முடிந்தது. ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தவர்களுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. லிங்க் செய்த நாளில் எது இருந்ததோ அதோடே அவர்கள் காலம் முடிந்தது.

2005 இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. ஜனவரியில் சோலாரிஸ் 10 வந்தது. இழை லைப்ரரி சி லைப்ரரிக்குள்ளேயே கரைந்தது. இன்டெல்லும் ஏஎம்டியும் வீட்டுக் கணினிக்கு இரட்டைக் கோர் பிராசசர்களை விற்கத் தொடங்கின. விஷுவல் சி++ 2005 ஒற்றை இழை லைப்ரரியைத் தூக்கி எறிந்தது. அதற்குப் பின் ‘/எம்எல்’ என்று ஒன்று இல்லை. அதே ஆண்டு ஹான்ஸ் போம், இழைகளை லைப்ரரியாக மட்டும் உருவாக்க முடியாது என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லும் கட்டுரையை வெளியிட்டார்.

போமின் வாதம் லிங்கர் விவாதத்தையே வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. ஒரு ஸ்ட்ரக்சரில் அடுத்தடுத்து இரண்டு பிட்ஃபீல்டுகள். ஒன்றை ஒரு பூட்டு காக்கிறது, மற்றதை இன்னொரு பூட்டு காக்கிறது. நிரலர் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருக்கிறார். ஆனால் கம்பைலருக்கு ஒரு பிட்ஃபீல்டில் மட்டும் எழுதத் தெரியாது. முழுச் சொல்லையும் படித்து, பிட்டுகளை மாற்றி, முழுச் சொல்லையும் திரும்ப எழுதும். அந்த இடைவெளியில் மற்ற இழை எழுதிய மதிப்பு காணாமல் போகும். எந்த லைப்ரரியை லிங்க் செய்தாலும் இது தீராது, ஏனென்றால் இழை என்று ஒன்று இருப்பதே கம்பைலருக்குத் தெரியாது. 2011-இல் சி++11 மொழிக்குள்ளேயே நினைவக மாதிரியை வரையறுத்தபோதுதான் இதற்கு முறையான விடை கிடைத்தது. மொழியே இழைகளை ஏற்றுக்கொண்ட பிறகு, லைப்ரரி மட்டும் ‘இயக்கவும்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது வேடிக்கைதான்.

லினக்ஸ் கெர்னல் தன் சொந்த வீட்டில் இதே கேள்வியை முன்பே தீர்த்துவிட்டது. ஒரு காலத்தில் டிஸ்ட்ரோக்கள் ஒற்றைப் பிராசசருக்கு ஒரு கெர்னல், மல்டிபிராசசருக்கு ‘எஸ்எம்பி’ கெர்னல் என்று இரண்டு தந்தன. 2006 வாக்கில் ஒரே கெர்னல் போதும் என்றாயிற்று: லாக் முன்னொட்டு இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, கணினி தொடங்கும்போது ஒரே பிராசசர்தான் என்று தெரிந்தால் அந்தப் பைட்டுகளை மட்டும் மாற்றி எழுதிவிடும். பிராசசர் எத்தனை என்பதைத் தொகுப்பவரிடம் கேட்காமல் கணினியிடமே கேட்டது.

சி லைப்ரரிகளில் ஆண்ட்ராய்டின் பயோனிக்கும் மஸ்லும் ஆரம்பத்திலிருந்தே இழைகளைத் தனியாகப் பிரிக்கவில்லை. மஸ்லில் லிப்பித்ரெட் என்ற கோப்பு பெயருக்கு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பழைய கட்டளைகள் உடையாமலிருக்க வைத்தது. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி கடைசியாக வந்தது. 2020-இன் 2.32 பதிப்பில் ‘இப்போது ஒரே இழைதானா’ என்று ஓடும்போதே சொல்லும் ஒரு மாறியை வெளியே காட்டியது. 2021 ஆகஸ்டில் 2.34 பதிப்பில் லிப்பித்ரெட்டையே சி லைப்ரரிக்குள் சேர்த்துக்கொண்டது. அதன் காரணங்களை ஜிலிப்சி மேம்பாட்டாளர் ஃப்ளோரியன் வைமர் விளக்கி எழுதியபோது, பலவீனக் குறியீடுகளின் தொல்லை அதில் இடம்பெற்றது. சி++ லைப்ரரி இன்று முகவரியைச் சோதிப்பதில்லை; அந்த மாறியைப் பார்க்கிறது. முதல் இழை தொடங்கும்வரை மலிவான கூட்டல், தொடங்கியதும் அட்டாமிக் கூட்டல். பழைய சிக்கனமும் போகவில்லை, பழைய பொய்யும் இல்லை. விடை தெரிகிற நேரத்தில் கேட்டால் கேள்வி எவ்வளவு எளிதாகிவிடுகிறது!

இன்னும் நிற்கும் இடங்கள்

எல்லா இடத்திலும் இந்தச் சுவிட்ச் வீண் என்று சொல்ல மாட்டேன். கணித லைப்ரரிகளில் அது உண்மையான தேர்வு. இன்டெல்லின் எம்கேஎல், வரிசை அடுக்கு, இழை அடுக்கு என இரண்டைத் தந்து எது வேண்டும் என்று லிங்க் செய்யும்போது கேட்கிறது. எஃப்எஃப்டிடபிள்யூவுக்கு இழை வடிவம் தனி லைப்ரரி. என் நிரல் ஏற்கெனவே வெளியே பதினாறு இழைகளில் ஓடுகிறது என்றால், ஒவ்வொன்றுக்குள்ளும் அணிப் பெருக்கல் இன்னும் பதினாறு இழைகளைத் திறப்பது 256 இழைகளின் நெரிசல். இணைச் செயலை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்பது நிரலை வடிவமைத்தவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்பது முறை. ஓப்பன்எம்பியிலும் சுவிட்சுக்கு வேலை உண்டு: கம்பைல் செய்யும்போது அது இல்லையென்றால் இணைக் குறிப்புகள் ஓசையின்றிப் புறக்கணிக்கப்படும், நிரல் சரியான விடையையே ஒற்றை இழையில் மெதுவாகத் தரும். கம்பைலில் கொடுத்து லிங்கில் மறந்தால் மட்டும் லிங்கர் சத்தம் போடும்.

ஹாஸ்கெல் மொழியின் ஜிஎச்சி கம்பைலரில் ‘-த்ரெடட்’ முழுக்க லிங்க் நேரச் சுவிட்ச். மாட்யூல்களை மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை. வேறு ரன்டைமை இணைத்தால் போதும். 2006-இன் 6.6 பதிப்பு முதல் அந்த ரன்டைம் பல பிராசசர்களைப் பயன்படுத்தும். இங்கே பலர் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில்: சுவிட்ச் கொடுத்து லிங்க் செய்துவிட்டு நான்கு கோரும் வேலை செய்யும் என்று காத்திருப்பார்கள். ஓட்டும்போது ‘-என்’ என்று எத்தனை கோர் என்பதைத் தனியாகச் சொன்னால்தான் நடக்கும். லிங்க் செய்வது அனுமதி, ஓட்டும்போது சொல்வது அளவு. பிரிப்பு தெளிவானதுதான், ஆனால் நெட்வொர்க் வேலைக்கும் வெளி லைப்ரரி அழைப்புகளுக்கும் த்ரெடட் ரன்டைமே தேவைப்படும் நிலையில் மற்றதை இன்னும் இயல்பாக வைத்திருப்பதற்கு எனக்குக் காரணம் புலப்படவில்லை.

ஓகேமல் வேறு வழியில் போனது. லினக்ஸ்த்ரெட்ஸை எழுதிய அதே லெராயின் மொழி அது. பல ஆண்டுகளாக இழை லைப்ரரியை இணைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு பொதுப் பூட்டு காரணமாக ஒரு நேரத்தில் ஒரு கோர்தான். 2022 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு ரன்டைமையே மாற்றி எழுதி அந்தத் தடையை நீக்கியது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணன். ஓகேமல்காரர்கள் இன்று லிங்கரிடம் கூடுதலாக எதையும் சொல்வதில்லை. டொமைன் என்று ஒன்றைத் தொடங்கினால் அது வேறு கோரில் ஓடுகிறது. பைத்தான் மட்டும் எதிர்த் திசையில் போவதுபோல் தெரிகிறது: 2024-இன் 3.13 பதிப்பில் பொதுப் பூட்டு இல்லாத பைத்தான் தனி பில்டாக, பெயரில் ‘டி’ சேர்த்து வருகிறது. சி நீட்டிப்புகளை அதற்கென்று தனியே கம்பைல் செய்ய வேண்டும். இது விஷுவல் சி++ இரண்டு லைப்ரரி வைத்திருந்த காலத்தை நினைவூட்டினாலும், ஒன்றாகச் சேர்வதற்கு முந்திய இடைக்கட்டம் என்று நம்ப இடமிருக்கிறது.

இனி நடைமுறை. ஜிலிப்சி 2.34 வந்துவிட்டதால் சுவிட்சை எடுத்துவிடலாமா? எடுக்க வேண்டாம். ஆர்எச்இஎல் 8-இல் 2.28, டெபியன் 11-இல் 2.31, அங்கே அது இன்னும் தேவை. ‘-எல்பித்ரெட்’ என்று லைப்ரரியின் பெயரைச் சொல்லாமல் ‘-பித்ரெட்’ என்று கம்பைல், லிங்க் இரண்டிலும் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் முன்னது ‘லைப்ரரி காணோம்’ என்று நிற்கும். சிமேக் பயன்படுத்துவோர் த்ரெட்ஸ் என்ற அதன் சொந்தத் தொகுப்பைக் கேட்டு வாங்கினால் இந்தக் கவலையே வேண்டாம். இன்னொன்று: 2.34 அல்லது அதற்குப் பிந்தியதில் லிங்க் செய்த பல இழை நிரலைப் பழைய கணினிக்கு எடுத்துப்போனால், இழை தொடங்கும் செயற்கூறுக்கு 2.34 பதிப்பு கேட்டு ஏறவே மறுக்கும். பழைய கணினிகளுக்கும் நிரல் தர வேண்டியவர்கள், ஆதரிக்கப்போகும் கணினிகளில் எது மிகப் பழையதோ அதிலேயே லிங்க் செய்யுங்கள்.